பனித்தரையில் ஓர் உச்சவரம்பு

ஹாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டு மாணவர்களின் மனக்கண்ணில் தோன்றுவது பசும்புல் தரையும், வளைந்த கோலும், ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியா வென்ற பொற்பதக்கங்களுமே ஆகும். கானடா நாட்டு மாணவனுக்கோ அச்சொல்லின் பொருள் வேறு. பனிக்கட்டி படர்ந்த தரையில், எஃகு அலகு பொருத்திய சறுக்குக் காலணி அணிந்து, ரப்பர் வட்டு ஒன்றைக் கோலால் அடித்து ஆடும் ஆட்டத்தையே அவன் ஹாக்கி என்று அறிவான். அந்த ஆட்டத்தின் கணக்குப் புத்தகத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கணக்குப் புத்தகத்தில் என்ன வரலாறு இருக்கப் போகிறது என்று நீங்கள் எண்ணலாம். அரசர்களின் போர்களைக் காட்டிலும் அவர்களுடைய கருவூலக் கணக்கு அதிக உண்மை பேசும் என்பது வரலாறு கற்பித்தோர் அறிந்த செய்தி.

நில உச்சவரம்பு என்ற தொடர் நமக்குப் பழக்கமானது. ஒருவர் இத்தனை ஏக்கருக்குமேல் நிலம் வைத்திருக்கலாகாது என்று சட்டம் வரையறுக்கிறது. அதுபோலவே, ஒரு விளையாட்டுக் கழகம் தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்த்து ஆண்டொன்றுக்கு இவ்வளவு தொகைக்குமேல் சம்பளம் வழங்கலாகாது என்று வரையறுப்பது சம்பள உச்சவரம்பு எனப்படும். கானடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் உள்ள 32 கழகங்கள் சேர்ந்த தேசிய ஹாக்கி லீக் இன்று இவ்விதியின்கீழ் இயங்குகிறது. இந்த வரம்பு யாரைக் காக்கிறது? இதன் சுமை யார் தோளில் விழுகிறது? இவ்விரு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றைக் காண்போம்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். பனித்தரையில் ஒரு பக்கத்துக்கு அறுவர் ஆடுவர். அவருள் ஒருவர் கோல் காப்பாளர். இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள் உண்டு. சறுக்கி ஓடும் வேகம் உடலை விரைவில் களைக்கச் செய்வதால், ஓர் ஆட்டக்காரர் ஒருமுறை களம் இறங்கினால் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே நிற்பார். உடனே அடுத்தவர் அவரிடத்தைப் பிடித்துக்கொள்வார். ஆகவே ஓர் ஆட்டத்துக்கு இருபது பேர் ஆயத்தமாக வேண்டும்: முன்னணியில் மூவர் மூவராக நான்கு வரிசை, பின்னணியில் இருவர் இருவராக மூன்று இணை, கோல் காப்பாளர் இருவர். இதற்குமேல் காயமடைவோருக்கு ஈடாகச் சிலரைச் சேர்த்து, 23 பேர் கொண்ட பட்டியலைக் கழகம் வைத்திருக்கும். பருவம் ஒன்றில் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள். அதன்பின் கோப்பைக்கான சுற்றுகள். எத்தகைய மாவீரராயினும் ஆட்டநேரத்தில் பாதிக்குக் குறைவாகவே பெரும்பாலும் களத்தில் இருப்பார். மீதி நேரத்தில் மற்றவர்கள் ஆடியாக வேண்டும். பட்டியலின் ஆழம் என்று அந்நாட்டார் கூறுவது இந்த மற்றவர்களின் தரத்தையே.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1909-ஆம் ஆண்டு டிசம்பரில் மான்ட்ரியால் நகரில் தேசிய ஹாக்கிச் சங்கம் என்ற அமைப்புத் தோன்றியது. இன்றைய லீக்கின் முன்னோடி அது. அதில் ரென்ஃப்ரூ என்னும் சிற்றூரின் கழகமும் ஒன்று. சுரங்கத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஓப்ரையன் குடும்பத்தார் அக்கழகத்தை நடத்தினர். ஸ்டான்லி கோப்பையை எப்படியும் தம் ஊருக்குக் கொணர வேண்டும் என்று விரும்பிய அவர்கள், சூறாவளி என்று பட்டப்பெயர் பெற்ற பிரெட் டெய்லருக்கு ஒரு குறுகிய பருவத்துக்கு 5,250 டாலர் கொடுத்தனர். கோப்பை ரென்ஃப்ரூவுக்கு வரவில்லை. ஆயினும் அத்தொகை மற்ற உரிமையாளர்களைத் திகைக்கச் செய்தது.

அடுத்த பருவத்துக்கு, அதாவது 1910-11-க்கு, உரிமையாளர்கள் கூடி ஒரு விதி வகுத்தனர். கழகம் ஒன்று தன் அணி முழுவதற்கும் சேர்த்து 5,000 டாலர்தான் சம்பளம் தரலாம் என்பது அவ்விதி. முந்தைய ஆண்டில் ஒருவர் மட்டும் பெற்ற தொகைக்கும் குறைவான பணத்தை ஓர் அணி முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்! ஆர்ட் ராஸ் முதலிய ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். தாமே தனியாக ஒரு லீக் தொடங்கலாம் என்றும் எண்ணினர். ஆனால் பனித்தரை அரங்குகள் உரிமையாளர் கைவசம் இருந்தன. அரங்கு இல்லாதவன் எங்கே ஆடுவது? எதிர்ப்பு அடங்கிற்று. இதுவே ஹாக்கியின் முதல் உச்சவரம்பு. ஆட்டக்காரரைக் கலந்து பேசாமல், வருமானம் எவ்வளவு என்று அவர்களுக்குக் காட்டாமல் விதிக்கப்பட்ட வரம்பு அது. அது உரிமையாளரின் பணப்பையைக் காத்தது. சுமை முழுவதையும் ஆட்டக்காரர் தாங்கினர்.

தேசிய ஹாக்கி லீக் 1917-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் பிறந்தது. பத்தாண்டுகளில் அமெரிக்க நகரங்களிலும் பரவியது. பின்னர் 1929-இல் பெருமந்தம் வந்தது. அரங்குகளில் கூட்டம் குறைந்தது. 1930-களில் லீக் மீண்டும் உச்சவரம்பைக் கையிலெடுத்து, கழகம் ஒன்றுக்கு 62,500 டாலர், ஆள் ஒருவருக்கு 7,000 டாலர் என்ற அளவுக்கு அதனைத் தாழ்த்தியது. வரம்புக்குள் அடங்குவதற்காகச் சில கழகங்கள் மிகுந்த சம்பளம் பெற்ற ஆட்டக்காரரைப் பிற கழகங்களுக்குத் தள்ளிவிட்டன. சம்பளக் கணக்கைச் சரிக்கட்டுவதற்காக ஆளை மாற்றிக்கொள்ளும் வழக்கம் அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

அந்த வரம்பு வலியற்ற கழகங்களைக் காத்ததா என்று பார்ப்போம். ஒட்டாவா நகரின் கழகம் 1920, 1921, 1923, 1927 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்ற பெருமையுடையது. சிறிய நகரமாதலால் அதன் வருமானமும் சிறிதாயிற்று. 1930-இல் தன் புகழ்பெற்ற பின்னணி வீரர் கிங் கிளான்சியை டொரான்டோ கழகத்துக்கு 35,000 டாலரும் இரண்டு ஆட்டக்காரரும் பெற்றுக்கொண்டு கொடுத்துவிட்டது. ஒருவரை விற்று மற்றவருக்குச் சோறிட வேண்டிய நிலை. அப்படியும் அது நிலைக்கவில்லை. 1934-இல் செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, ஒரே பருவம் ஆடி மறைந்தது. பத்துக் கழகங்கள் இருந்த லீக் 1942-இல் ஆறு கழகங்களாகச் சுருங்கியது. சம்பளத்துக்கு மட்டும் வரம்பு கட்டி, நகரங்களுக்கிடையே வருமான ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவைத்தால் வலியவன் வலியவனாகவே இருப்பான் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

ஆறு கழகங்களின் காலம் 1967 வரை நீடித்தது. எழுதப்பட்ட வரம்பு அப்போது தேவைப்படவே இல்லை. ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவர் அக்கழகத்துக்கே உரியவர் என்ற விதி இருந்தமையால், விலை பேசும் வாய்ப்பே அவருக்கு இல்லை. ஒருவர் சம்பளம் மற்றவருக்குத் தெரியாது. 1957-இல் டெட்ராய்ட் கழகத்தின் டெட் லின்ட்சே, மான்ட்ரியால் கழகத்தின் டக் ஹார்வி முதலியோர் ஆட்டக்காரர் சங்கம் ஒன்று அமைக்க முயன்றனர். தாங்கள் பணம் செலுத்தும் ஓய்வூதிய நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. அப்பருவத்தில் லின்ட்சே லீக் முழுவதிலும் புள்ளிக் கணக்கில் இரண்டாம் இடம் பெற்றவர். இருப்பினும் அவ்வாண்டுக் கோடையிலேயே டெட்ராய்ட் கழகம் அவரைச் சிகாகோவுக்கு மாற்றிவிட்டது. சிகாகோ அப்போது லீக்கின் மிக நலிந்த அணிகளுள் ஒன்று. சங்கமும் விரைவில் கலைந்தது. ஆள்மாற்று என்பது ஆட்டத்தின் தேவைக்காக மட்டும் நிகழ்வதில்லை. தண்டனையாகவும் நிகழக்கூடும் என்பதற்கு இது சான்று.

நிலைத்த சங்கம் ஒன்று 1967-இல்தான் உருவாயிற்று. 1972-இல் போட்டி லீக் ஒன்று எழுந்து ஏழாண்டு நடந்தது. பாபி ஹல் போன்ற பெருவீரர் அங்குச் சென்றதால் சம்பளங்கள் உயர்ந்தன. 1990-இல் ஆட்டக்காரர் சங்கம் உறுப்பினர் அனைவரின் சம்பளத்தையும் வெளியிட இசைந்தது. தன் பக்கத்து இருக்கைக்காரர் என்ன பெறுகிறார் என்பதை ஒவ்வொருவரும் அறிந்தனர். இருட்டில் இருந்த விலை வெளிச்சத்துக்கு வந்ததும் ஏறத் தொடங்கிற்று. 1990-களின் தொடக்கத்தையும் 2003-04 பருவத்தையும் ஒப்பிட்டால், சராசரிச் சம்பளம் பன்மடங்காகி 18 இலட்சம் டாலரை எட்டியது.

இந்த ஏற்றத்தைப் பெருநகரங்கள் தாங்கின, சிறுநகரங்கள் தாங்கவில்லை. கானடாக் கழகங்களுக்கு மற்றொரு துன்பமும் இருந்தது. அவை நுழைவுச்சீட்டைக் கானடா டாலரில் விற்றன; சம்பளத்தையோ அமெரிக்க டாலரில் கொடுத்தன. கானடா டாலரின் மதிப்பு வீழ வீழ அவற்றின் கடன் பெருகிற்று. 1995-இல் கியூபெக் நகரின் கழகம் டென்வருக்குச் சென்றது. 1996-இல் வின்னிபெக் கழகம் பீனிக்ஸுக்குச் சென்றது. அதற்கு முன்பே, 1988 ஆகஸ்டில், எட்மன்டன் கழகம் வேய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சல்ஸ் கழகத்துக்கு மாற்றியபோது, கைமாறியவற்றுள் ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர் ரொக்கமும் இருந்தது. அவ்வாண்டு கோப்பை வென்ற அணியே தன் தலைவரை விற்றது என்றால் மற்றவற்றின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் பணம் மட்டும் வெற்றியைத் தந்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நியூயார்க் ரேஞ்சர்ஸ் கழகம் மிகுந்த சம்பளம் கொடுத்த கழகங்களுள் ஒன்று. 1998 முதல் 2004 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் அது கோப்பைச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2004-இல் இறுதிப் போட்டியில் மோதிய டாம்பாவும் கால்கரியும் சம்பளச் செலவில் பெருங்கழகங்களுக்கு மிகவும் பிற்பட்டவை.

லீக்கின் தலைவர் கேரி பெட்மன் உச்சவரம்பு வேண்டும் என்று உறுதியாக நின்றார். லீக்கின் வேண்டுகோளின்பேரில் ஆர்தர் லெவிட் என்பார் கணக்காய்ந்து 2004-இல் அளித்த அறிக்கை, 2002-03 பருவத்தில் கழகங்களுக்கு மொத்தம் 27 கோடியே 30 இலட்சம் டாலர் இழப்பு என்றும், வருமானத்தில் முக்கால் பங்கு ஆட்டக்காரருக்கே போகிறது என்றும் கூறிற்று. ஆட்டக்காரர் சங்கம் அக்கணக்கை ஏற்கவில்லை. 2004 செப்டம்பர் 16-ஆம் நாள் உரிமையாளர் கதவடைப்புச் செய்தனர்.

டிசம்பரில் சங்கம், நடப்பிலுள்ள சம்பளங்கள் அனைத்தையும் 24 விழுக்காடு குறைத்துக்கொள்கிறோம், வரம்பு மட்டும் வேண்டாம் என்றது. லீக் இசையவில்லை. பிப்ரவரியில் சங்கம் வரம்பு என்னும் கொள்கையை ஏற்று, 4 கோடியே 90 இலட்சம் டாலர் கேட்டது. லீக் 4 கோடியே 25 இலட்சத்துக்குமேல் தரமாட்டோம் என்றது. இடைவெளி 65 இலட்சம். அந்த இடைவெளியில் ஒரு பருவம் முழுவதும் மூழ்கியது. 2005 பிப்ரவரி 16-ஆம் நாள் பருவம் கைவிடப்பட்டது. 1,230 ஆட்டங்கள் நடைபெறவில்லை. கொள்ளைக் காய்ச்சலால் இறுதிப் போட்டி நின்றுபோன 1919-க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பை எவருக்கும் வழங்கப்படாத ஆண்டு அது ஒன்றே. ஜூலை மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டபோது வரம்பு 3 கோடியே 90 இலட்சம் டாலர். முன்பு வேண்டாம் என்று தள்ளிய தொகையைவிட அது குறைவு. 24 விழுக்காட்டுக் குறைப்பும் உடன் சேர்ந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் 1910-ஆம் ஆண்டின் கதையே மீண்டும் நடந்ததாகத் தோன்றும். ஆனால் 2005-ஆம் ஆண்டு வரம்பின் உள்ளமைப்பு வேறு. அது லீக்கின் வருமானத்தோடு பிணைக்கப்பட்டது. முதலில் வருமானத்தில் 54 விழுக்காடு ஆட்டக்காரருக்கு என்று முடிவாயிற்று; 2013-இல், மற்றொரு கதவடைப்புக்குப் பின், சரிபாதி என்று ஆயிற்று. வருமானம் ஏறினால் வரம்பும் ஏறும். கணக்கை இரு தரப்பாரும் பார்ப்பர். உச்சவரம்பு இருப்பதுபோலவே, அதற்குக் கீழே போகக்கூடாது என்ற அடிவரம்பும் உண்டு. தொடக்கத்தில் அது 2 கோடியே 15 இலட்சம். செல்வக் கழகங்களிடமிருந்து நலிந்த கழகங்களுக்கு நிதி பகிர்ந்தளிக்கவும் வழி செய்யப்பட்டது. ஒட்டாவாவுக்கு அன்று கிடைக்காத பாதுகாப்பு இதுவே. 3 கோடியே 90 இலட்சமாக இருந்த வரம்பு 2025-26 பருவத்தில் 9 கோடியே 55 இலட்சமாக உயர்ந்திருந்தது. குறைந்த அளவுச் சம்பளமும் 4,50,000 டாலரிலிருந்து 7,75,000 டாலருக்கு ஏறியது. முன்னது ஆணை; பின்னது உடன்படிக்கை. பெயர் ஒன்றாயினும் பொருள் இரண்டு.

முதற் கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வி எஞ்சியுள்ளது: சுமை யார் தோளில்? இதற்கு விடை காண ஒரு கழகத்தின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் கழகம் 2010 ஜூன் 9-ஆம் நாள், 49 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையை வென்றது. அணியின் இளம் தலைவர்களான ஜானதன் டேவ்ஸ், பேட்ரிக் கேன் இருவரும் அதுவரை புதிய ஆட்டக்காரருக்கு விதிக்கப்பட்ட குறைந்த சம்பள ஒப்பந்தத்தில் ஆடிவந்தனர். ஆளுக்கு 63 இலட்சம் டாலர் என்ற புதிய ஒப்பந்தம் அடுத்த பருவத்தில் தொடங்கவிருந்தது. அப்பருவத்தின் வரம்பு 5 கோடியே 94 இலட்சம். இரு தலைவரையும் விடமுடியாது, வரம்பையும் மீறமுடியாது. வழி என்ன? வெற்றி கிட்டிய பதினைந்தாம் நாள், கோப்பைச் சுற்றுகளில் பதினொரு கோல் அடித்த டஸ்டின் பஃப்லினும், அவருடன் மேலும் சிலரும் அட்லாண்டாவுக்கு மாற்றப்பட்டனர். ஜூன் முடிவதற்குள் கிரிஸ் வெர்ஸ்டீக் டொரான்டோவுக்குச் சென்றார். ஜூலை முதல் நாள் ஆண்ட்ரூ லாட் அட்லாண்டாவுக்குச் சென்றார்.

அத்தோடு முடியவில்லை. சான் ஹோசே கழகம் சிகாகோவின் இளம் பின்னணி வீரர் ஜால்மர்சனுக்கு, நான்கு ஆண்டுக்கு 1 கோடியே 40 இலட்சம் டாலர் தருவதாக ஒப்பந்தம் நீட்டியது. அதே தொகையைத் தானும் கொடுத்தால் ஆளைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது விதி. சிகாகோ கொடுத்துத் தக்கவைத்தது. அதனால் பை மேலும் இளைத்தது. அடுத்து, கோப்பை வெல்லக் காரணமான கோல் காப்பாளர் நீமிக்கு நடுவர் 27 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் என்று தீர்ப்பளித்தபோது, அதைக் கொடுக்க இயலாமல் சிகாகோ அவரை விடுவித்தது. அவர் சேர்ந்த இடம் எது தெரியுமா? அதே சான் ஹோசே. ஒரு கழகத்தின் ஆளைத் தூக்க முடியாவிட்டாலும், அவனுடைய விலையை உயர்த்தி, அந்த நெருக்கடியில் வேறொருவனைப் பெறலாம் என்ற கணக்கு வித்தையை மாணவர்கள் இங்கே காணலாம். அடுத்த பருவத்தில் சிகாகோ முதற் சுற்றிலேயே வெளியேறியது.

பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். தலைவர்கள் இருந்தார்கள். புதிதாக வந்த இளைஞரும் இருந்தார்கள். ஏனெனில் அவர்களுடைய சம்பளம் குறைவு. போனவர்கள் நடுவில் இருந்தவர்கள். தலைவரைவிடச் சற்றுக் குறைந்தவர், இளைஞரைவிட மிகத் தேர்ந்தவர், முதல் ஒப்பந்தம் முடிந்து தம் உழைப்பின் விலையைக் கேட்கும் வயதில் உள்ளவர். உச்சவரம்பு தலைவருக்கும் ஒரு கூரை வைத்திருக்கிறது. வரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் ஒருவர் பெறலாகாது. அடியில் உள்ளவனுக்குக் குறைந்த அளவுச் சம்பளம் உறுதியாக உண்டு. நடுவில் இருப்பவனுக்குக் கூரையும் இல்லை, தரையும் இல்லை, எஞ்சியது அவனுக்கு. ஆட்டக்காரர் அனைவரும் சேர்ந்து பெறும் பங்கு உறுதிப்பட்டபோது, அந்தப் பங்குக்குள் ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதாயிற்று. எனவே சுமை நடுவரிசையின் தோளில் விழுகிறது என்பதே என் முடிவு.

சிகாகோ 2013-இலும் 2015-இலும் மீண்டும் கோப்பை வென்றது உண்மை. 2015-16-இல் டேவ்ஸும் கேனும் ஆளுக்கு 1 கோடியே 5 இலட்சம் பெறத் தொடங்கினர். வரம்பு 7 கோடியே 14 இலட்சம். இருவர் மட்டும் பத்தில் மூன்று பங்கு. அக்கோடையில் 22 வயது பிராண்டன் சாட் கொலம்பஸுக்குப் போனார். பேட்ரிக் ஷார்ப் டல்லஸுக்குப் போனார். 2016-இல் இன்னும் விந்தையான ஒரு மாற்று நிகழ்ந்தது. பிரையன் பிக்கெல் என்பாரின் 40 இலட்சம் டாலர் ஒப்பந்தத்தைக் கைகழுவ வேண்டும். எவரும் அதை விரும்பி ஏற்கமாட்டார். ஆகவே 21 வயது நிரம்பிய தேர்ந்த ஆட்டக்காரர் தெரவாய்னனையும் கூடச் சேர்த்துக் கரோலினாவுக்குக் கொடுத்தது சிகாகோ. கடனை வாங்கிக்கொள்பவனுக்கு நிலத்தில் ஒரு பாதியை எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பாகும் இது. அடுத்த ஆண்டு முதற் சுற்றில் ஓர் ஆட்டமும் வெல்லாமல் தோற்றது. அதற்கடுத்த ஆண்டு கோப்பைச் சுற்றுக்கே வரவில்லை.

இதற்கு மாறான ஒரு சான்றும் உண்டு. பிட்ஸ்பர்க் கழகத்தில் கிராஸ்பி, மால்கின் என்ற இரு பெருவீரர்; இருவரும் வரம்பில் 1 கோடியே 82 இலட்சம் டாலரை எடுத்துக்கொண்டனர். ஆயினும் 2016-இல் கோப்பை பெற்றது. எப்படி? டொரான்டோவிலிருந்து பில் கெஸ்ஸலைப் பெற்றபோது, அவருடைய சம்பளத்தில் ஆண்டுதோறும் 12 இலட்சத்தை டொரான்டோவே ஏற்கும்படி பேசி முடித்தது. ஆளைக் கொடுத்த கழகம் சம்பளத்தில் பாதிவரை தானே தாங்கலாம் என்று 2013-இல் ஏற்பட்ட விதி இதற்கு இடங்கொடுத்தது. வான்கூவரிலிருந்து நிக் போனினோவும், பருவத்தின் நடுவில் அனஹைமிலிருந்து ஹகெலினும் வந்தனர். மூன்று கழகங்கள் அனுப்பிவிட்ட இம்மூவரும் ஒரே வரிசையில் நின்று அணியின் மிகச் சிறந்த வரிசைகளுள் ஒன்றாயினர்.

அதைவிட முக்கியமானது கீழ்நிலை அணி. ஒவ்வொரு கழகமும் 50 ஒப்பந்தங்கள் வரை வைத்திருக்கலாம். பட்டியலில் இடம்பெறாத இளைஞர் துணை லீக்கில் ஆடிப் பயில்வர். பிட்ஸ்பர்க்கின் துணையணிப் பயிற்சியாளர் மைக் சல்லிவன் 2015 டிசம்பரில் மேலே அழைக்கப்பட்டார். அவரிடம் பயின்ற ரஸ்ட், ஷியரி, குன்ஹேக்கல் ஆகியோரும், இளம் கோல் காப்பாளர் மரேயும் மேலே வந்தனர். மூத்த கோல் காப்பாளர் பிளரி தலைக்காயத்தால் ஒதுங்கியபோது மரே அவரிடத்தில் நின்றார். டாம்பாவுக்கு எதிராக ஏழாவது ஆட்டம், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். பிட்ஸ்பர்க் 2-1 என்று வென்றது. இரண்டு கோலையும் அடித்தவர் கிராஸ்பி அல்லர், மால்கின் அல்லர். துணையணியிலிருந்து வந்த பிரையன் ரஸ்ட். மறு ஆண்டும் கோப்பை அக்கழகத்துக்கே.

தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் இதற்கு இணையான ஒன்றை நான் கண்டதுண்டு. பள்ளியின் பெயரை ஊருக்குத் தெரிவிப்பவன் முதல் மதிப்பெண் பெறும் மாணவன். பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைத் தீர்மானிப்பவரோ நடு வரிசையில் அமர்ந்திருக்கும் நாற்பது பேர். அவர்களைக் கவனிக்க ஆசிரியர் எடுத்துக்கொண்ட உழைப்பு எந்த அறிக்கையிலும் தனியாகத் தெரியாது. ஆண்டு முடிவில் மொத்தத்தில் தெரியும்.

வரம்பு எங்கே உண்டோ அங்கே அதைச் சுற்றிப்போகும் வழியும் தேடப்படும். ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரியே வரம்புக் கணக்கில் சேரும். எனவே 2010-இல் நியூஜெர்சி கழகம் இலியா கோவல்சுக்குக்குப் பதினேழு ஆண்டுக்கு 10 கோடியே 20 இலட்சம் டாலர் ஒப்பந்தம் எழுதியது. நடுவில் ஐந்தாண்டுகள் ஆண்டுக்கு 1 கோடியே 15 இலட்சம். இறுதி ஐந்தாண்டுகள் ஆண்டுக்கு 5,50,000 மட்டும். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு வயது 44 ஆகும். சராசரி 60 இலட்சமாகக் காட்டுவதற்கே இந்த நீட்டல் என்று கூறி நடுவர் அதைத் தள்ளினார். பின்னர் 2013 உடன்படிக்கை ஒப்பந்தத்தின் ஆண்டுகளுக்கும் வரம்பு கட்டியது.

டாம்பாவின் செயல் வேறுவகை. நெடுநாள் காயமுற்றவரின் சம்பள அளவுக்குக் கழகம் வரம்பைத் தாண்டி வேறு ஆள் எடுக்கலாம் என்பது விதி. கோப்பைச் சுற்றுகளுக்கோ அக்காலத்தில் வரம்பே இல்லை. 2020-21-இல் 95 இலட்சம் டாலர் பெறும் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவைச் சிகிச்சையால் பருவம் முழுவதும் ஆடவில்லை. கோப்பைச் சுற்றின் முதல் ஆட்டத்தில் களம் இறங்கினார். அணி கோப்பை வென்றது. லீக் ஆராய்ந்து, விதி மீறப்படவில்லை என்றது. விதி மீறப்படாததால்தான் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. 2025-26 பருவத்திலிருந்து கோப்பைச் சுற்றுகளில் களமிறங்கும் அணிக்கும் வரம்பு உண்டு. அந்த 2021-ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின் டாம்பா இழந்தவர் யார்? மூன்றாம் வரிசையில் ஆடிய கோல்மன், குட்ரோ, கூர்ட் என்ற மூவரும்! மீண்டும் நடுவரிசையே.

மாணவர்களே, ஓர் அணி வென்ற பின் அதன் நடுவரிசை கலைவதைப் பழிக்கவோ வாழ்த்தவோ இதை நான் சொல்லவில்லை. கலைந்தவர்கள் சென்ற ஊர்களில் வேறு அணிகள் எழுந்தன என்பதும் உண்மையே. சிறு நகரத்துச் சிறுவனும் தன் ஊர் அணி ஒருநாள் வெல்லும் என்று நம்பலாம். 1934-இல் ஒட்டாவாச் சிறுவனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. அதைத் தருபவர் யார் என்று தெரிந்திருப்பது நன்று.

இனி நீங்கள் எந்த உச்சவரம்பைப் பற்றிப் படித்தாலும், அது நிலத்துக்காயினும் கூலிக்காயினும் விலைக்காயினும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வரம்பை விதித்தவர் யார்? விதிக்கும்போது கணக்கு அனைவர்க்கும் திறந்து வைக்கப்பட்டிருந்ததா? உச்சிக்கும் அடிக்கும் இடையில் நிற்பவனுக்கு என்ன எஞ்சியது? ரென்ஃப்ரூவின் டெய்லரைப் பற்றி எல்லா நூல்களும் கூறும். மூன்றாம் வரிசையில் நின்று கோப்பை வென்று, அதே கோடையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் சென்றவரைப் பற்றி நூல்கள் ஒரு வரியே கூறும். அந்த ஒரு வரியையும் தவறாமல் படியுங்கள்.